சீட்டில் இல்லாத சுமை

பெரிய காஞ்சிபுரத்தில் கந்தன் முதலாளியின் பட்டுக்கடைக்கு மின்சாரப் பிக்கப் வந்து ஏழு மாதம் ஆகிறது. வந்த நாளிலிருந்து அதை ஓட்டுகிறவள் கிரேஸ். அந்த வண்டியைப் பற்றிப் பேசாத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. முதல் மாதம், சத்தமே இல்லாமல் போகிறது என்று பேசினார்கள். இரண்டாம் மாதம், பொம்பளை ஓட்டுகிறாள் என்று பேசினார்கள். இப்போது மூன்று வாரமாக, பாதி வழியில் படுத்துவிட்டது என்று பேசுகிறார்கள். படுத்தது வண்டி, பெயர் கெட்டது கிரேஸுக்கு.

படுத்த இடம் மாமண்டூர் ஏரி வளைவு. கடையின் சாயப்பட்டறை செய்யாறு தாண்டி இருக்கிறது. போக ஐம்பத்தைந்து கிலோமீட்டர், வர ஐம்பத்தைந்து. ஒரு தடவை சார்ஜ் போட்டால் நூற்றைம்பது போகும் என்று விற்றவர்கள் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு நூற்று இரண்டாவது கிலோமீட்டரில் வண்டி மூச்சை விட்டது. மே மாத வெயில், ஏசி வேறு முழுக்க ஓடியிருந்தது. மேலே தார்ப்பாய், உள்ளே சாயம் போட்ட ஈரப் பட்டு. இழுத்துப்போக வேறு வண்டி வருவதற்குள் மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. அரக்குச் சிவப்பில் பச்சை இறங்கி, ஒரு முகூர்த்தப் புடவைக்கான நூல் முழுக்கக் கெட்டுப்போனது.

அதற்குப் பிறகு கிரேஸ் பார்க்காத வைத்தியம் இல்லை. ஏசியைத் தொடுவதில்லை. அந்த வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டு, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு ஓட்டினாள். எழுபதில் போய்க்கொண்டிருந்தவள் நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. மாட்டுவண்டிக்காரன்கூட ஒதுங்கி வழிவிட்டுச் சிரித்தான். பிரேக்கை அழுத்தாமல் தூரத்திலேயே காலை எடுத்துவிட்டால், வண்டி தானாக வேகம் குறைந்து கொஞ்சம் கரண்ட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அந்த வித்தையையும் பழகிக்கொண்டாள். டயரில் காற்று குறைந்தால் ஐந்தாறு கிலோமீட்டர் போய்விடும் என்று தெரிந்து, சொந்தமாக ஒரு காற்றுமானி வாங்கி வைத்துக்கொண்டாள். இவ்வளவும் செய்து கடைக்குத் திரும்பும்போது திரையில் மூன்று சதவீதம் நிற்கும். ஒரு நாள் நான்கு நின்றது. அன்றைக்கு ஏதோ பெரிய சாதனை செய்த மாதிரி இருந்தது அவளுக்கு.

ஒன்றே ஒன்றைத்தான் அவளால் செய்ய முடியவில்லை. வண்டியின் தலைக்கு மேல் கோபுரம் போல வெட்டிய நாலடி உயரப் பலகை ஒன்று நின்றது. நடுவில் முதலாளியின் அப்பா படம், சுற்றிலும் சரிகை மாதிரிப் பொன்வண்ணம். எதிர்க்காற்றில் அது வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கும். கழற்றலாமா என்று ஒரு முறை கேட்டதற்கு, "எங்கப்பாவ எறக்கச் சொல்றியா?" என்று முதலாளி கேட்ட கேள்வியில் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பட்டறையிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். அங்கே இருப்பது சிங்கிள் ஃபேஸ் என்கிற ஒற்றைக் கம்பி கரண்ட். வண்டியைச் சொருகினால் பட்டறை மோட்டார் நின்றுவிடும். ஆக, காலையில் கடையில் ஏற்றிய நூறு சதவீதம்தான் அன்றைக்கெல்லாம் சோறு.

வியாழக்கிழமை சாயங்காலம் கிரேஸைக் கடைக்குள் கூப்பிட்டார்கள். முதலாளி மெத்தையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் அக்கா மகன் சிவராஜ். கடை நிர்வாகம் முழுக்க அவன் கையில். தினமும் வண்டியில் என்ன போகிறது, எத்தனை கிலோ என்று டிரிப் சீட்டு எழுதுவதும் அவன்தான். எதிரே நாற்காலியில் வண்டிக் கம்பெனியின் சர்வீஸ் ஆள் கதிர்வேல் மடிக்கணினியோடு இருந்தான். இரண்டு நாளாக வண்டியின் பேட்டரியைச் சோதித்தவன்.

"பேட்டரில ஒரு கொறையும் இல்ல சார்," என்றான் கதிர்வேல். "ஆனா வண்டி குடிச்சிருக்கிற கரண்டைப் பாத்தா, போறப்போ அறுநூறு எழுநூறு கிலோ ஏத்திக்கினு போயிருக்குது. வர்றப்போவும் பாரம் இருக்குது. உங்க சீட்டுல நூத்தியிருபது கிலோதான் போட்டிருக்குது. மீதி எங்கேர்ந்து வந்துச்சின்னு எனுக்குத் தெரியல."

சிவராஜுக்குத் தெரிந்திருந்தது. "இன்னாமா கிரேஸ், வழியில யாரோட சரக்க ஏத்துற?" என்றான். "தூசி கிராமத்துல வெங்காயமா, செய்யாறுல நெல்லு மூட்டையா?"

கிரேஸுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது சூடேறியது. "நான் யாரு சரக்கையும் ஏத்துல," என்றாள்.

"அப்போ கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா?"

"அது எனுக்குத் தெரியாது. நான் பொய் சொல்லுல."

சிவராஜ் ஒரு கட்டுச் சீட்டுகளை எடுத்து மெத்தை மேல் போட்டான். மூன்று வாரச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் அவள் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் 'வெளிச்சரக்கு' என்று எழுதியிருந்தது. கேட்பதற்கு முன்பே எழுதி முடித்திருக்கிறான். அந்தச் சிவப்பைப் பார்த்ததும்தான், இது வேலையோடு முடிகிற விஷயம் இல்லை என்று கிரேஸுக்குத் தெரிந்தது. வேலை போனால் வேறு வேலை. ஆனால் திருட்டுச் சரக்கு ஏற்றியவள் என்று காஞ்சிபுரத்தில் ஒரு கடை எழுதிவிட்டால், அப்புறம் எந்தக் கடையும் ஒரு ஸ்டியரிங்கை அவள் கையில் தராது. திருப்புட்குழி காலனியிலிருந்து லைசென்ஸ் எடுத்த முதல் பெண் அவள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பெண்கள் எல் போர்டு மாட்டிக்கொண்டு பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

"சாவிய குடுத்துட்டுப் போ," என்று சிவராஜ் கையை நீட்டினான்.

"குடுக்க மாட்டேன்."

கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தவர்களின் கை நின்றது. முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

"மொதலாளி, நாளைக்கி நீங்களே எங்கூட வண்டில வாங்க. இவரும் பின்னாடியே வரட்டும். வழியில நான் எங்க நிறுத்தறேன், இன்னா ஏத்தறேன்னு உங்க கண்ணால பாருங்க. அப்பவும் வண்டி மூணுல வந்து நின்னுதுன்னா, சாவிய நானே இவரு கையில வெச்சிட்டுப் போயிடறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, நாளைக்கு வண்டி எத்தனையில் வந்து நிற்கும் என்று அவளுக்கே தெரியாது. தினமும் மூன்றில் நிற்கிற வண்டி நாளைக்கு மட்டும் ஏன் முப்பதில் நிற்கப் போகிறது?

முதலாளி யோசித்தார். சந்தேகப் பிராணிதான், ஆனால் கண்ணால் பார்க்காததை நம்பாத குணம் இரண்டு பக்கமும் வெட்டும். "சரி," என்றார். "நாளைக்கி நானே வரேன்."

"ஆனா ஒண்ணு," என்று சிவராஜ் விரலை ஆட்டினான். "சீட்டுல எழுதனதுக்கு மேல ஒரு எள்ளுகூட வண்டில ஏறக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

"ஒரு எள்ளுகூட ஏறாது," என்றாள் கிரேஸ்.

வீட்டில் அவள் கணவன் ஜோசுவா, ஒரகடம் ஃபேக்டரியில் ஷிப்ட் முடித்து வந்தவன், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உட்டுத் தள்ளு, எங்க கம்பெனி பஸ்ஸுக்கு டிரைவர் கேக்கறாங்க," என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். "திருடின்னு எழுதனவன் கையாலயே அத அழிக்க வைக்காம நான் எங்கயும் வர மாட்டேன்," என்று சொல்லிவிட்டு அவள் குழம்பைச் சூடு பண்ணப் போனாள்.

வழக்கமாக ஆறு மணிக்குக் கடைக்கு வருகிறவள், வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கே வந்துவிட்டாள். டயரில் காற்றைச் சரிபார்க்க வேண்டும். இன்றைக்கு ஒரு கிலோமீட்டர்கூட வீணாகக் கூடாது. வண்டி பின்கட்டில் கிணற்றை ஒட்டிச் சார்ஜில் நின்றது. கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சிவராஜ் மோட்டாரைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தான்.

பின் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து காற்றுமானியைச் சொருகினாள். சக்கரத்துக்கும் மேல் தகட்டுக்கும் நடுவே அவள் கை சுகமாக நுழைந்தது. முன்பக்கம் போய் இரண்டு டயரையும் பார்த்துவிட்டு, சந்தேகத்துக்கு இன்னொரு முறை பின்பக்கம் வந்து கையை விட்டாள். கை நுழையவில்லை. முட்டி தகட்டில் இடித்தது.

அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தாள். வண்டியில் மூன்று நீல டிரம்கள். இரண்டு நிறைந்து மூடியிருந்தன. மூன்றாவதில் குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

காஞ்சிபுரத்துக் கிணற்றுத் தண்ணீரில் நனைந்தால்தான் காஞ்சிபுரப் பட்டு என்பது முதலாளியின் குடும்பத்தில் வேதம். சாயப்பட்டறையை ஊருக்கு வெளியே கொண்டுபோன பிறகும் தண்ணீரை மட்டும் விடவில்லை. வேறு தண்ணீரில் அரக்கு மங்கும், மாம்பழ மஞ்சள் பல்லிளிக்கும் என்பார். அதனால் தினமும் இந்தக் கிணற்றுத் தண்ணீர் மூன்று டிரம் பட்டறைக்குப் போகும். வரும்போது அதே டிரம்களில் சாயம் போட்ட ஈரப் பட்டு வரும். பட்டறையிலேயே காய வைத்தால் அங்கிருக்கிற ஆள் பட்டை மாற்றிவிடுவான், என் கண் முன்னால் கடை மாடியில்தான் காய வேண்டும் என்பதும் முதலாளியின் சட்டம். டீசல் வண்டி இருந்த காலத்திலிருந்து இப்படித்தான். கிரேஸ் வரும்போது டிரம்கள் நிறைந்து, மூடி, கயிறு கட்டித் தயாராக இருக்கும். டிரம் இல்லாமல் அந்த வண்டியை அவள் ஒரு நாளும் ஓட்டியதில்லை. மேட்டில் முனகுவதையும் வளைவில் அசைவதையும் வண்டியின் பிறவிக் குணம் என்றே நினைத்திருந்தாள்.

டிரம் ஒன்று இருநூறு லிட்டர். மூன்று டிரம், அறுநூறு கிலோ.

கிரேஸுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. அவளும் பொய் சொல்லவில்லை. சீட்டில்தான் தண்ணீர் இல்லை. பட்டுக்காரர்கள் கண்ணில் பட்டுதான் சரக்கு. ஒரு கழி நூல் குறைந்தால் ஊரைக் கூட்டுவார்கள். தண்ணீரை யார் எழுதுகிறார்கள்? தன் கையால் மோட்டார் போட்டு அறுநூறு கிலோவை நிரப்பிவிட்டு, அதே கையால் சிவப்பு மையில் வெளிச்சரக்கு என்று எழுதியிருக்கிறான் சிவராஜ்.

ஓடிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒரு காலை எடுத்து வைத்தாள். வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். சொன்னால் என்ன ஆகும்? "அது தண்ணிமா, நீ சரக்கப் பத்திப் பேசு," என்பான். கதிர்வேல் கணக்குப் போட்டு விளக்குவான், முதலாளி ஓ என்பார், விஷயம் பேச்சோடு முடிந்துவிடும். சிவப்பு மை அப்படியே இருக்கும். ஒரு எள்ளுகூட ஏறக் கூடாது என்று சொன்னானே, அந்த வார்த்தையை அவனுக்கே காப்பாற்றிக் கொடுப்போம் என்று முடிவு செய்தாள்.

மோட்டாரை நிறுத்தினாள். மூன்று டிரம்மையும் ஒவ்வொன்றாகச் சாய்த்தாள். அறுநூறு லிட்டர் தண்ணீர் வாய்க்கால் வழியே ஓடி முதலாளி வீட்டு வாழைக்குப் பாய்ந்தது. தண்ணீர் போகப் போக வண்டி பெருமூச்சு விட்டு எழுந்தது. காலி டிரம்களைக் கீழே இறக்கிக் கிணற்றடியில் வரிசையாக நிறுத்தினாள். உள்ளே பட்டு மூட்டைகளை மட்டும் அடுக்கித் தார்ப்பாயை இழுத்துக் கட்டினாள்.

ஆறரைக்குக் கதிர்வேல் பைக்கில் வந்தான். வண்டித் திரையில் நூறு சதவீதம் என்பதைப் போட்டோ எடுத்துக்கொண்டான். சிவராஜ் ஈரத் தலையோடு வந்து சீட்டை எழுதிக் கொடுத்தான். பட்டு நூல், நூற்று இருபது கிலோ.

"வேற ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டாள் கிரேஸ்.

"வேற இன்னா இருக்குது?"

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. அப்பால எம்மேல பழி போடக் கூடாது."

"ஒண்ணும் இல்லமா, கெளம்பு," என்றான் எரிச்சலோடு. தார்ப்பாய்ப் பக்கம் அவன் திரும்பவேயில்லை. தண்ணீர் வண்டியில் இருக்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை, அவனும் பார்க்கவில்லை.

முதலாளி ஏறி உட்கார்ந்தார். நல்ல ஆகிருதி. "உங்க எடையையும் சீட்டுல எழுதச் சொல்லலாமா மொதலாளி?" என்று கேட்டாள். முதலாளி முறைத்தார்.

வண்டி பாலாற்றுப் பாலத்தில் ஏறியபோது கிரேஸுக்கே நம்ப முடியவில்லை. கால் வைத்ததும் பறந்தது. ஏழு மாதமாக ஓட்டிய வண்டியா இது? இந்த மூன்று வாரமாகப் போகிற வேகம்தான் போனாள். மாமண்டூர் ஏரி வளைவில் அவள் கண் தானாகத் திரைக்குப் போனது. வண்டி ஒன்றும் சொல்லாமல் திரும்பியது. முதலாளி வழியெல்லாம் இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார். வெங்காயமும் ஏறவில்லை, நெல்லும் ஏறவில்லை.

சாயப்பட்டறையில் வீரபாகு காத்திருந்தார். இருபது வருடமாக அந்தக் கடைக்குச் சாயம் போடுகிறவர். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. செப்புக் கொப்பரைகள் தேய்த்துக் கவிழ்த்துவைத்த நிலையில் இருந்தன. முதலாளியே வந்திருப்பதைப் பார்த்து மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். பின்னாலேயே கதிர்வேலின் பைக்கும் வந்து நின்றது.

தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்த வீரபாகு, "தண்ணி எங்க?" என்றார்.

"தண்ணி எங்க?" என்று முதலாளியும் திரும்பி கிரேஸைக் கேட்டார்.

"சீட்டுல இல்லியே மொதலாளி."

"இன்னாது?"

சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து விரித்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "பட்டு நூல், நூத்தியிருபது கிலோ. அவ்ளோதான் எழுதியிருக்குது. சீட்டுல இல்லாதது ஒரு எள்ளுகூட ஏறக் கூடாதுன்னு உங்க முன்னாடிதான சொன்னாங்க? நான் ஏத்துல."

"தண்ணி இல்லாம எப்டிமா சாயம் போடுவான்? வெளையாடறியா? அடுப்பு எரிஞ்சிக்கினு இருக்குது!"

கதிர்வேல் பைக்கை நிறுத்திவிட்டு வந்தான். "எந்தத் தண்ணி சார்?" என்றான்.

"தெனம் வர்ற தண்ணிதான்," என்றார் வீரபாகு. "மூணு டிரம் வரும்."

"பெரிய டிரம்மா?"

"இருநூறு லிட்டர்."

கதிர்வேல் வாயைத் திறந்தவன் மூடவில்லை. மடிக்கணினிப் பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தான். "சார், அது அறுநூறு கிலோ சார். வர்றப்போ அந்த டிரம்ல இன்னா வரும்?"

"ஈரப் பட்டு."

"ஈரப் பட்டுன்னா காஞ்ச பட்டவிட ரெண்டு மடங்கு கனக்கும். அதுவும் சீட்டுல இல்ல." அவன் கிரேஸைப் பார்த்தான். அந்தப் பார்வையில் மன்னிப்பு மாதிரி ஒன்று இருந்தது. அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. வெறும் மன்னிப்பை வைத்து என்ன செய்வது?

முதலாளிக்கு விஷயம் உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. உறைத்ததும் அவர் கோபம் திசை தெரியாமல் சுற்றியது. "தண்ணிக்குப் போயி யாராவது எடை போடுவாங்களாமா?" என்றார். "எங்கப்பா காலத்துலேர்ந்து போவுது. அது தண்ணி. அதுக்கு இன்னா எடை?"

கிரேஸ் அதுவரை அடக்கி வைத்திருந்தது அந்த ஒரு கேள்வியில் உடைந்தது.

"எங்கம்மா பேரு செல்லியம்மா, மொதலாளி. உங்க தெரு மாட்டுக் கொட்டாயில சாணி அள்ளினாங்க. தாகம் எடுத்தா அதே கெணத்தாண்ட வந்து கொடத்த வெச்சிட்டு பத்தடி தள்ளி நிக்கணும். உங்க வூட்லேர்ந்து யாருனா வந்து மேலேர்ந்து ஊத்தணும். ஊத்தறவங்க வர்ற வரிக்கும் எங்கம்மா வெயில்ல நின்னாங்க. அந்தத் தண்ணிக்கு எடை உண்டா இல்லியான்னு எங்கம்மாவ வந்து கேளுங்க. அவங்க பொண்ணு நான், ஏழு மாசமா தெனம் அதே தண்ணிய அறுநூறு கிலோ சொமந்துக்கினு வரேன். அது எங்கயும் எழுதப்படல. ஏத்தாத வெங்காயம் மட்டும் எம்பேர்ல செவப்பு மையில எழுதியிருக்குது."

வீரபாகு தரையைப் பார்த்தார். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியைத் திரும்பத் துடைத்தார்.

"இங்க இருக்கற போர் தண்ணில இன்னிக்கிப் போட்டுடு," என்றார் வீரபாகுவிடம், தாழ்ந்த குரலில்.

"அது ஆவாதுங்க," என்றார் வீரபாகு. "உப்புத் தண்ணி. நீங்களே நாளைக்கி பாத்துட்டு என்னத்தான் திட்டுவீங்க."

"அப்போ கிரேஸு, நீ திரும்பப் போயி..."

"போவலாம். ஆனா போயி, சார்ஜ் ஏத்தி, தண்ணிய ரொப்பிக்கினு திரும்பி வந்து சேர்றதுக்குள்ள பொழுது எறங்கிடும். இதுக்கு மின்னாடி உங்களுக்கு நூத்தைம்பது கிலோமீட்டர் கணக்கு தெரியும். இப்போ இந்தக் கணக்கும் தெரிஞ்சிக்குங்க."

அடுப்பை அணைக்கச் சொல்ல அந்த மனிதருக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. இருபது வருடத்தில் வேலை நாளில் அணைந்த முதல் அடுப்பு அது என்று வீரபாகு பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் நூற்று இருபது கிலோ பட்டும் வந்தபடியே திரும்பியது. சீட்டில் எழுதிய எடை போனது, சீட்டில் எழுதிய எடை வந்தது. செய்யாறு தாண்டியதும் எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. தலைக்கு மேலே பலகை ஙொய் என்று கத்தத் தொடங்கியது. திரையில் எண் வேகமாக இறங்கியது. ஐம்பது. நாற்பத்தெட்டு. நாற்பத்தைந்து. இன்றைக்குமா என்று கிரேஸ் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். முதலாளியும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா அது சத்தம்?" என்றார்.

"உங்கப்பா, மொதலாளி. காத்த தடுத்துக்கினு நிக்கறாரு."

அவள் காலை லேசாகத் தளர்த்தி நாற்பதுக்கு வந்தாள். இறக்கம் மெதுவானது. மாமண்டூர் ஏரி வளைவு வந்தது, போனது. பாலாறு வந்தது, போனது. ஏகாம்பரநாதர் கோபுரம் தெரிந்தபோது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. துடைத்துக்கொள்ளவில்லை.

கடை வாசலில் சிவராஜ் கையை நீட்டிக்கொண்டே நின்றான். மூன்று சதவீதம் என்பதில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. உள்ளே புடவை மடிக்கிறவர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எதிர்க்கடை ஆட்களும் நின்றார்கள்.

"சாவி," என்றான்.

கதிர்வேல் பைக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்து வண்டிக்குள் தலையை நுழைத்தான். "இருபத்திநாலு," என்று சத்தமாகப் படித்தான். "இருபத்திநாலு சதவீதம் மிச்சம் இருக்குது."

சிவராஜின் நீட்டிய கை அப்படியே நின்றது. அதில் கிரேஸ் அன்றைய டிரிப் சீட்டை வைத்தாள்.

"கெணத்தடில மூணு டிரம் காலியா நிக்குது, போயிப் பாரு சிவராஜு," என்றார் முதலாளி. வண்டியிலிருந்து இறங்கச் சிரமப்பட்டார். "பாத்துட்டு அந்தப் பழைய சீட்டெல்லாம் எடுத்தா. செவப்புப் பேனாவும் எடுத்தா."

"மாமா, எழுதனத அடிக்கறது நம்ம வழக்கமில்லியே. கீழ ஒரு வரி சேத்து எழுதிடலாம்."

"கீழ எழுத வாணாம்," என்றாள் கிரேஸ். "அடிக்கணும். எழுதன கைதான் அடிக்கணும்."

சிவராஜ் மாமாவைப் பார்த்தான். மாமா தெருவைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் சிவராஜ் வாசற்படியில் உட்கார்ந்து, மடியில் வைத்து, ஒவ்வொரு சீட்டாக அடித்தான். பதினெட்டுச் சீட்டு. அவன் அடித்து முடிக்கும் வரை அவள் எதிரே நின்றாள். ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு அடுத்ததைக் கொடுத்தாள்.

முடிந்ததும் ஒரு புதுச் சீட்டை அவன் முன்னால் வைத்தாள். "நாளைக்கி சீட்ட இப்பவே எழுதுங்க. நான் சொல்றேன். தண்ணி, மூணு டிரம், அறுநூறு கிலோ. திரும்ப வர்றப்போ ஈரப் பட்டு, அங்கயே தராசுல போட்டு வீரபாகு அண்ணன் எழுதித் தருவாரு. இவ்ளோ பாரம் ஏத்தினா அம்பதுக்கு மேல போவ மாட்டேன். இதே மாதிரி தெனமும் மூணு டிரம் வேணும்னா, பட்டறைல நல்ல கரண்ட் இழுத்துக் குடுங்க. இல்லன்னா அடுத்த வாரத்துலேர்ந்து ரெண்டு டிரம்தான் ஏத்துவேன்."

சிவராஜ் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். முதலாளி, "எழுதேன்டா," என்றார்.

'தண்ணீர்' என்று அந்தக் கடையின் சீட்டில் முதல் முறையாக எழுதப்பட்டது. கிரேஸ் எழுத்துக் கூட்டிப் படிப்பது போல நிதானமாகப் படித்தாள். பிறகு வண்டியின் இருக்கைக்குக் கீழிருந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு, சக்கரத்தின் மேல் கால் வைத்து ஏறினாள்.

"இன்னா பண்ற?" என்றார் முதலாளி.

"பெரியவரு ஏழு மாசமா வெயில்லயும் காத்துலயும் நிக்கறாரு, மொதலாளி. கடைக்குள்ள மாட்டுங்க. பூ போடுங்க, வெளக்கு ஏத்துங்க."

முதலாளி வாயைத் திறந்தார். அவள் முதல் நட்டைத் திருகிவிட்டிருந்தாள். அது அவர் காலடியில் வந்து விழுந்தது. அவர் குனிந்து அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அடுத்ததுக்காக நின்றார்.

சாவி அவள் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அப்புறம் யாரும் கேட்கவில்லை.